ஒத்தக்கண்ணனுக்குப் போட்ட மாலை

உட்காருங்க தம்பி, யாரும் வரல. என் வீட்டுக்காரி முன்னாடி லேடீஸ் சீட்டுல இருக்கா. இங்க இடமிருந்தும் அங்க போய் உட்கார்ந்திருக்கான்னா கோபம்னு அர்த்தம். என்ன கோபம்னு அப்புறம் சொல்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க, உங்க பனியன்ல இருக்கிறது நம்ம ஒத்தக்கண்ணன்தானே?

அதான பார்த்தேன். ஏறும்போதே கவனிச்சுட்டேன். நல்லாத்தான் போட்டிருக்கான். ஆனா கண்ணுல செவப்பு லைட்டு எரியிற மாதிரி அச்சடிச்சிருக்கான் பாருங்க, அது தப்பு. கோவிச்சுக்காதீங்க. கண்ணு அணைஞ்சு போன மாதிரிதான் போட்டிருக்கணும். செத்தவங்க படத்துல கண்ணு எரியக் கூடாது.

ஏன் சிரிக்கிறீங்க? நீங்க எங்க இறங்கணும்? கரிவலமா? அப்ப நேரம் இருக்கு. சொல்றேன்.

நான் சாதாரண ரசிகன் இல்ல தம்பி. வல்லாங்குளத்துல பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல குருவையா ஹார்டுவேர்ஸ்னு ஒரு கடை இருக்கும். அந்த குருவையா நான்தான். கடைக்கு மேல ஒரு போர்டு இருக்கும், ஒத்தக்கண்ணன் ரசிகர் மன்றம். தலைவரும் நான்தான். நடிகருக்கு மன்றம் வைக்காத ஊரு கிடையாது. ரோபோவுக்கு முதல்ல மன்றம் வெச்ச ஊரு எங்க ஊருதான். "விண்வெளி வேங்கைகள்" அஞ்சு பாகமும் வெள்ளைக்காரன் எடுத்ததா இருக்கலாம். தமிழ்ல பேச விட்டான் பாருங்க, அன்னையிலருந்து அது நம்ம படம்.

மூணாம் பாகம் பார்த்திருப்பீங்க. கமாண்டர் டோரனும் ஒத்தக்கண்ணனும் அந்தச் சுரங்கத்துல மாட்டிக்கிறாங்க. மேலருந்து இரும்புக் கதவு இறங்குது. ஒத்தக்கண்ணன் ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க போங்க கமாண்டர், எனக்கு வலிக்காது"ங்குது. கமாண்டர் வெளிய உருண்டு வந்துடறாரு. கதவு அது மேல விழுந்து நசுக்குது. அந்த ஒத்தைக் கண்ணு மெல்ல மெல்ல மங்கி அணைஞ்சு போகுது. கமாண்டர் தன் கோட்டைக் கழட்டி அது மேல போத்திட்டு, திரும்பிப் பார்க்காம நடந்து போய்க் கப்பல்ல ஏறிடறாரு. அம்புட்டுதான். படம் முடிஞ்சுது. லைட்டைப் போட்டுட்டான்.

எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. வீடு அப்ப ஊருக்கு வெளிய, பஸ்ஸுல போற தூரம். எங்க ஊரு பொன்னரசி டாக்கீஸ்ல சாயங்கால ஆட்டம். உலகம்மா, அதான் முன்னாடி கோபமா உட்கார்ந்திருக்காளே அவதான், அதுவரைக்கும் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்ல. பஸ்ஸுல ஏறி உட்கார்ந்ததும் என் தோள்ல சாஞ்சு ஒரே அழுகை. "அதுக்கு வலிச்சிருக்கும்ல, வலிச்சிருக்கும்ல"ன்னு வீடு வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தா. அன்னைக்குத்தான் தம்பி எனக்குக் கல்யாணம் ஆச்சு. தாலி கட்டினது அதுக்கு முன்னாடியா இருக்கலாம்.

பஸ்ஸைச் சொல்லவும் ஞாபகம் வருது. பொன்னரசி டாக்கீஸ்காரர் தங்கமான மனுஷன். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் கடைசி பஸ்ஸு ஒண்ணுதான். எந்தப் படம் போட்டாலும் ஜனம் அந்த பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி கணக்காப் படத்தை முடிச்சுருவாரு. எம்புட்டு நீளப் படமா இருந்தாலும் சரி, ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட நாங்க பஸ்ஸைத் தவற விட்டதில்ல. அப்படி ஒரு நிர்வாகம்.

அந்தப் பழக்கம்தான் எனக்கும். கல்யாண வீடோ காதுகுத்தோ, பந்தியில பாயசம் வரும்போது நான் ரோட்டுக்கு வந்துருவேன். பஸ்ஸுல எனக்குன்னு ஜன்னல் சீட்டு இருக்கும். உலகம்மா அதுக்கு ஏசுவா. பொம்பளைகளுக்கு வாசல்ல நின்னு ஒரு மணி நேரம் போயிட்டு வாரேன் போயிட்டு வாரேன்னு சொல்லணும். அதெல்லாம் எனக்கு ஆகாது. போறதுன்னா கமாண்டர் மாதிரி போகணும்.

அப்புறம் நாலாம் பாகம் வந்துச்சு. மொதல் காட்சியிலேயே ஒத்தக்கண்ணன் ஜம்முன்னு நடந்து வருது. டாக்கீஸே ஸ்தம்பிச்சுப் போச்சு. செத்தது எப்படி வரும்? படம் முடிஞ்சு டீக்கடையில உட்கார்ந்து நாங்க பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அது ஒத்தக்கண்ணனோட தம்பி. டபுள் ஆக்ட். அண்ணனைக் கொன்னவங்களைப் பழி வாங்க வந்திருக்கு. நல்லாக் கவனிச்சா நடையே வேற மாதிரி இருக்கும், கொஞ்சம் மிடுக்கு ஜாஸ்தி. அதை டைரக்டர் வாய் விட்டுச் சொல்லல, நாமளே புரிஞ்சுக்கணும்னு விட்டுட்டான்.

அதனால வருஷா வருஷம் ஆடி மாசம் அண்ணனுக்கு நினைவு நாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒட்டுவோம். பெரிய அண்டாவுல கஞ்சி காய்ச்சி ஊத்துவோம். எங்க வீட்டு ஹால்ல அதோட படத்தைப் பெருசா பிரேம் போட்டு, சந்தனமாலை சாத்தி, மேல சின்ன பல்பு போட்டிருக்கேன். பூ மாலைன்னா வாடிரும். இது வாடவே வாடாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நானே துடைப்பேன்.

இனிமேதான் விஷயம். என் மக சங்கரி. ஒரே பொண்ணு. படிச்சு முடிச்சு வேலையிலயும் இருக்கா. என் மச்சினன் வெயிலுமுத்து ராஜபாளையத்துலருந்து ஒரு வரன் கொண்டாந்தான். பையன் பேரு அருணகிரி. பையனோட அப்பா பால்வண்ணன், மில்லுல சூப்பர்வைசர். ஜாதகம் பொருந்திடுச்சு. பொண்ணு பார்க்க வந்தாங்க. கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆச்சு. சங்கரி வந்து வணக்கம் சொல்லிட்டு உட்கார்ந்தா. பையன் ஏதோ கேட்டான், இவ சிரிச்சா. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, பிள்ளைக்குப் பிடிச்சுப் போச்சு. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

அந்த நேரம் பார்த்து பால்வண்ணன் சுவரைப் பார்த்தாரு. "அட, ஒத்தக்கண்ணன்" அப்படின்னாரு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சம்பந்தி அமைஞ்சா இப்படி அமையணும். அப்புறம் பொண்ணாவது மாப்பிள்ளையாவது, நாங்க ரெண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுட்டோம். ரெண்டாம் பாகத்துல அந்தத் தண்ணிக் கிரகத்துலயே படம் பாதி முங்கிப் போச்சுன்னாரு, நானும் அதையேதான் சொல்வேன். அஞ்சாம் பாகத்துல கிராபிக்ஸைத் தவிர ஒண்ணுமில்லன்னேன், கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. வானத்துல காத்தே கிடையாது, அங்க கப்பல் போனா சத்தம் எப்படிக் கேக்கும், அது ஒரு குறைன்னாரு. சத்தமில்லாம கப்பல் போறதைப் பார்க்க எவன் டிக்கெட் எடுப்பான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாரு. அம்புட்டு அனுசரணையான மனுஷன்.

அப்பத்தான் கேட்டாரு, "எல்லாம் சரி, உயிரோட இருக்கிறதுக்கு எதுக்கு மாலை போட்டு வெச்சிருக்கீங்க?"

நான் பொறுமையாச் சொன்னேன். அது மூணாம் பாகத்துல செத்துப் போச்சு, நாலுல வர்றது தம்பின்னு. அவர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு. கமாண்டர் கப்பல்ல ஏறிப் போன பிறகு, அந்தக் கோட்டுக்கு அடியில செவப்பா ஒரு வெளிச்சம் தெரியும், கண்ணு மறுபடியும் எரியும், அதோடதான் படம் முடியும்னாரு. அந்த வெளிச்சம்தான் அஞ்சு பாகத்துலயும் உசத்தியான இடம்னாரு. அவங்க ஊர்ல அன்னைக்கு ஜனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சாம். அவங்க வருஷா வருஷம் அதுக்குப் பிறந்த நாள் கொண்டாடறாங்களாம். கேக்கு வெட்டி.

நீங்களே சொல்லுங்க. நான் அந்தப் படத்தைப் பொன்னரசியில வந்தப்பவும் பார்த்தேன், திரும்பப் போட்டப்பவும் பார்த்தேன். வெளிச்சமும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்க ஊர் டாக்கீஸ்காரன் எதையாவது சேர்த்து ஒட்டியிருப்பான்னேன். அவருக்கு முகம் மாறிடுச்சு. உங்க ஊர்க்காரன்தான் வெட்டியிருப்பான்னாரு. எங்க ஊர் ஆளை வெட்டினான்னு சொன்னா எனக்குச் சுருக்குன்னு வராதா? வார்த்தை தடிச்சுப் போச்சு. கடைசியில அவர் எந்திரிச்சு, பொண்ணு பார்க்க வந்த வீட்டுல மாலை போட்ட படம் கண்ணுல படறதே அபசகுனம், அதுலயும் உயிரோட இருக்கிறதுக்குப் போட்டிருக்கீங்க, அதைக் கழட்டினா மேற்கொண்டு பேசலாம்னாரு. கண்ணு எரிஞ்சுதுன்னு சொன்னதை வாபஸ் வாங்குங்க, அப்புறம் பேசலாம்னேன். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்"னு கிளம்பிட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்.

அன்னையிலருந்து சங்கரி என்கூடப் பேசல. காபி கொண்டாந்து வைப்பா, டம்ளர் மட்டும் சத்தம் போடும். ஆடி போய் ஆவணியும் வந்துருச்சு. வேற வரன் பார்க்கலாம்னு சொன்னேன். வேண்டாம்னு ஒரே வார்த்தை. பிள்ளை முகம் வாடிப் போச்சு தம்பி. எனக்கு மனசு கேக்கல. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல? நாளைக்கு மன்றத்துல நாலு பேர் கேட்டா என்ன சொல்வேன்? அந்தப் பால்வண்ணனுக்குத்தான் பிடிவாதம். ஒரு சின்ன விஷயம், இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அவர் குறைஞ்சா போயிருவாரு?

சங்கரிதான் ஒரு வழி பண்ணினா. என் மச்சினன் வீட்டுல ரெண்டு பக்கமும் கூடி, படத்தையே போட்டுப் பார்த்துருவோம்னு சொல்லி அனுப்பிட்டா. பையன் லேப்டாப்பைக் கொண்டாந்து டிவியில மாட்டினான். ஞாயித்துக்கிழமை மத்தியானம், எல்லாரும் பாயை விரிச்சு உட்கார்ந்தோம். நானும் பால்வண்ணனும் ஆளுக்கொரு நாற்காலி. படம் ஓடுது. கதவு இறங்குது. "எனக்கு வலிக்காது"ங்குது. கண்ணு அணையுது. கமாண்டர் கோட்டைப் போத்தறாரு, நடக்கறாரு.

இம்புட்டு வருஷம் கழிச்சும் எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. சம்பந்தி ஆகப் போறவர் முன்னாடி அழ முடியுமா? எந்திரிச்சுப் பின்வாசல் குழாயில முகத்தைக் கழுவப் போனேன். அதுவுமில்லாம அந்த இடத்துல என் காலு தானா எந்திரிச்சுரும். பஸ்ஸுக்குப் போற காலு. முகத்தைக் கழுவிட்டுத் துண்டை எடுக்கறேன், உள்ள கை தட்டற சத்தம் கேக்குது. வந்து பார்த்தா திரை கறுப்பா இருக்கு, இங்கிலீஷ்ல பேரு ஓடிக்கிட்டிருக்கு. பால்வண்ணன் என்னைப் பார்த்து, "பார்த்தீங்களா?"ங்கறாரு. எதைன்னு கேட்டேன். தலையில கையை வெச்சுட்டாரு.

பையன் திருப்பிப் போடறேன்னான். வேண்டாம்னுட்டேன். ஓடி முடிஞ்ச படத்தைப் பின்னாடி இழுத்து இழுத்துப் பார்க்கிறவன் ரசிகன் இல்ல. அதுவும் லேப்டாப்புல இருக்கிறதை எவன் வேணும்னாலும் மாத்தலாம். அப்பத்தான் சங்கரி வாயைத் திறந்தா. மாசக் கணக்கா பேசாதவ அன்னைக்குப் பேசினா. "அப்பா, டாக்கீஸ்காரர் உங்களைப் பஸ் ஏத்திவிடக் கடைசிக் காட்சியைப் போடாமலே நிப்பாட்டியிருக்காரு. உங்களுக்குப் படம் முடியவே இல்லப்பா" அப்படின்னா.

எப்படிப் பேசறா பாருங்க. அவர் எம்புட்டு நல்ல மனுஷன்னு நான்தான் சொன்னேனே. அப்படியெல்லாம் பண்ணுவாரா? நான் உலகம்மாவைப் பார்த்தேன். இவ நம்ம பக்கம் பேசுவா, அன்னைக்கு என்கூட அழுதவளாச்சேன்னு பார்த்தா, சாவகாசமா வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "எரிஞ்சுதுங்க. சங்கரி சின்னப் பிள்ளையா இருக்கும்போதே டிவியில பார்த்துட்டேன்"ங்கறா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இத்தனை வருஷம் ஏன் சொல்லலைன்னு கேட்டேன். வருஷா வருஷம் கஞ்சி ஊத்தறீங்க, ஊரே வந்து குடிச்சுட்டு வாழ்த்திட்டுப் போகுது, அதை எதுக்குக் கெடுப்பானேன்னுதான் விட்டுட்டேன்னா. சரி, அப்ப அன்னைக்கு பஸ்ஸுல என் தோள்ல சாஞ்சு அழுதியே, அது பொய்யான்னு கேட்டேன்.

"அன்னைக்கு அது செத்துத்தான் போயிருந்துச்சு"ன்னா.

பால்வண்ணன்தான் எந்திரிச்சு வந்து என் பக்கத்துல நின்னாரு. "மச்சான், உங்க ஊர்ல செத்துப் போச்சு, எங்க ஊர்ல உயிரோட இருக்கு. பொண்ணு எங்க ஊருக்குத்தானே வரப் போகுது"ன்னாரு. இதுல நான் தோத்தேன்னு அர்த்தம் இல்ல. அவர் தோத்தார்னும் சொல்ல மாட்டேன், சம்பந்தி ஆகிட்டாரு. மாலை எங்க வீட்டுல அப்படியே இருக்கும், கேக்கு அவங்க வீட்டுல வெட்டிக்கலாம்னு பேசி முடிச்சோம். தட்டு மாத்தினோம். தை மாசம் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. ரெண்டு ஊர் மன்றமும் ஆளுக்கொரு பேனர் வெச்சாங்க. எங்க பேனர்ல கண்ணு அணைஞ்சு இருக்கும், அவங்க பேனர்ல எரியும். போட்டோக்காரன் ரெண்டுக்கும் நடுவுல மாப்பிள்ளையையும் பொண்ணையும் நிக்க வெச்சுப் படம் எடுத்தான்.

டிக்கெட்டா? நான் எடுத்துட்டேன் கண்டக்டரே. தம்பிக்குத்தான் கரிவலம் ஒண்ணு.

இன்னைக்கு எதுக்கு வந்தோம்னா, மறுவீடெல்லாம் முடிஞ்சு பிள்ளையைக் கொண்டாந்து அவங்க வீட்டுல விட்டுட்டுத் திரும்பறோம். சம்பந்தி வீட்டுல விருந்து. பாயசம் வர்ற நேரம், நான் மணியைப் பார்த்தேன், எந்திரிச்சுட்டேன். சம்பந்தி, இன்னும் பத்து பஸ்ஸு இருக்கு மச்சான், இது ஒண்ணும் வல்லாங்குளம் இல்லன்னாரு. சங்கரி வாசல் வரைக்கும் வந்தா. அப்பான்னா. நான் சரிம்மா வாரேன்னு சொல்லிட்டு இறங்கி நடந்துட்டேன். தெரு நீளத்துக்கும் திரும்பிப் பார்க்கல. பார்த்திருந்தா என்னால நடந்திருக்க முடியாது. அதை வெளிய சொல்ல முடியுமா? விறுவிறுன்னு நடந்தேன். உலகம்மா பின்னாடி ஓட்டமும் நடையுமா வந்தா. பஸ்ஸுல ஏறினதும் ஒரு பார்வை பார்த்தா, முன்னாடி போய் உட்கார்ந்துட்டா. இதுதான் அவ கோபம். இதுல என் தப்பு என்ன இருக்கு சொல்லுங்க.

அந்தா, அவளே வர்றா. பிடிச்சுக்கிட்டு வாடி, வளைவு வருது. என்ன, தண்ணியா? பின்ன?

என்ன சொல்ற?

தம்பி, இவ என்ன சொல்றான்னா, நாங்க தெருவுல நடந்து வரும்போது சங்கரி மொட்டை மாடிக்கு ஓடிப் போய் நின்னாளாம். மசங்கல் நேரம், தெரு லைட்டு இன்னும் போடல. நாங்க தெரியணும்னு, செல்போன் லைட்டைப் போட்டு கையைத் தூக்கி ஆட்டிக்கிட்டே இருந்தாளாம். நாங்க முக்கு திரும்பற வரைக்கும். இவ பார்த்திருக்கா. நான்தான் முன்னாடி போயிட்டேனே.

நெசமாவா? நல்லாப் பார்த்தியா? வேற யாரும் இல்லையே? கடைசி வரைக்குமா எரிஞ்சுச்சு?

ஏன்டி அப்பவே கூப்பிட்டுச் சொல்லல? ஆமா, கூப்பிட்டிருப்ப. என் காதுல விழல.

இல்ல தம்பி, தூசி. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா இப்படித்தான். அந்தப் போனைக் கொடு இங்க. அவ நம்பரை எப்படி அமுக்கணும்? இந்தப் பச்சையா? மணி அடிக்குது. பால்வண்ணன் வீட்டுல இப்பத்தான் பந்தி முடிஞ்சிருக்கும்.

அந்த மாலையை வீட்டுக்குப் போனதும் கழட்டிரணும் உலகம்மா. ஒரே தூசி படிஞ்சு கிடக்கு. துடைச்சு மாளல, அதான். தம்பி, சம்பந்தியை எங்கயாவது பார்த்தீங்கன்னா வேற எதுவும் சொல்லிராதீங்க. நாலாம் பாகத்துல வர்றது தம்பிதான், அதுல ஒண்ணும் மாத்தமில்ல.

கரிவலம் வந்துருச்சா? ஏன் இப்படி அவசரமா எந்திரிக்கிறீங்க? உட்காருங்க, அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கலாம். அவ இன்னும் போனை எடுக்கல பாருங்க. முடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போறது நல்ல பழக்கமில்ல தம்பி.